பின் டிஸ்க் பேடு: பிஸ்டனைத் தள்ளாதீர்கள், திருகுங்கள்

காரின் முன் சக்கர டிஸ்க் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றிப் பழகிய கை, பின் சக்கரத்துக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறும். பழைய பேடை எடுத்தாயிற்று. புதுப் பேடு தடிமனாக இருக்கிறது. அதற்கு இடம் வேண்டுமென்றால், பேடை டிஸ்கில் அழுத்தும் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். முன்பக்கம் செய்தது போலவே சி கிளாம்பைப் போட்டு இறுக்குவார்கள். பிஸ்டன் அசையாது. துருப்பிடித்து மாட்டிக்கொண்டது என்று நினைத்து இன்னும் இறுக்குவார்கள். அப்போது பிஸ்டனைத் தாங்கும் காலிப்பருக்குள் நொறுங்குவது துரு அல்ல, ஹேண்ட்பிரேக்கின் மரை. அதன்பிறகு பேடு விலையோடு முடியாது, காலிப்பரையே மாற்ற வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. பல கார்களில் பின் காலிப்பர் இரண்டு வேலை பார்க்கிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கேபிள் காலிப்பரின் முதுகில் இருக்கும் லீவரைத் திருப்ப, உள்ளே உள்ள தண்டு அதே பிஸ்டனை முட்டித் தள்ளும். பேடு தேயத் தேய ஹேண்ட்பிரேக் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, பிஸ்டனுக்குள் ஒரு நட்டும் திருகுத் தண்டும் வைத்திருக்கிறார்கள். தேய்மானத்துக்கு ஏற்ப நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வெளியே வந்து அங்கேயே நிற்கும். திருகி வெளியே வந்ததைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும்.

எல்லாக் காரிலும் இப்படி இல்லை என்பதால், ஸ்பேனரை எடுக்கும் முன் காருக்குக் கீழே குனிந்து ஹேண்ட்பிரேக் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். காலிப்பரின் பின்னால் ஒரு லீவரில் மாட்டியிருந்தால் மேலே சொன்ன வகை. இந்தியாவில் 2006-இல் வந்த எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக், ஸ்கோடா லாரா எல்லாம் இதில் சேரும். கேபிள் டிஸ்கின் பின்தகட்டுக்குள் போய் மறைந்தால், டிஸ்கின் நடுக் குடத்துக்குள் ஹேண்ட்பிரேக்குக்கென்று தனியாக டிரம் ஷூ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பிஸ்டனை நேராகவே அழுத்தலாம். கேபிளே இல்லாமல், காலிப்பர் முதுகில் ஒயர் போன கறுப்பு மோட்டார் இருந்தால் அது மின்னணு ஹேண்ட்பிரேக். ஸ்கேனர் கருவி மூலமோ கார் கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் பின்வாங்க வைத்த பிறகே அதில் கைவைக்க வேண்டும். அந்த வசதி கையில் இல்லையென்றால் அந்தக் காரை வீட்டில் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி வருவது முதல் வகைக்கு. அளவுகளுக்கு எட்டாம் தலைமுறை சிவிக்கை எடுத்துக்கொள்கிறேன்.

பின் பேடு எப்போது தீர்ந்தது என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே பலர் ஏமாறுகிறார்கள். அலாய் வீலின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிப் பேடு மட்டும்தான் தெரியும். பிஸ்டன் பக்கத்து உள் பேடுதான் பெரும்பாலும் முதலில் தேயும். வெளியே 5 மி.மீ. இருக்கும்போது உள்ளே இரும்புத் தகடு டிஸ்கை உரசிக்கொண்டிருப்பது அபூர்வம் இல்லை. எனவே சக்கரத்தைக் கழற்றி உள் பேடைப் பார்க்காமல் ‘இன்னும் ஓடும்’ என்று சொல்லாதீர்கள். சிவிக்குக்கு ஹோண்டா சொல்லும் கடைசி வரம்பு 1.6 மி.மீ. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, 3 மி.மீ. வந்தாலே மாற்றிவிடலாம். பேடு மெலிந்தால் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் வேகமாக ஏறும். பிரேக் விசையைப் பங்கிடும் மின்னணு அமைப்பு இருக்கிற கார்களில் மெதுவான பிரேக்கிங்கில் பின் சக்கரமும் கணிசமாக உழைக்கிறது. ‘பின்னாடி எப்பவும் தேயாது’ என்ற பழைய கணக்கு அங்கே செல்லாது.

பேடு வாங்கும்போது ஒரு அச்சுக்கு, அதாவது இடம் வலம் சேர்த்து 4 பேடு கொண்ட செட்டாக வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றும் வழக்கமே வேண்டாம். பேடின் விளிம்பிலோ முதுகிலோ அச்சிட்ட குறியீட்டில், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பது. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. முன்னால் எஃப்எஃப் பேடு ஓடும்போது பின்னால் ஜிஜி பேடைப் போட்டால் மழைச் சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ‘நல்ல கிரிப்’ என்று கடைக்காரர் தருவதை இந்த ஒரு காரணத்துக்காகவே சரிபார்த்து வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் ஒரே காருக்கு நான்கைந்து விலையில் பேடு எடுத்து வைப்பார்கள். குறியீடே இல்லாத பேடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பேடோடு சேர்த்து வாங்க வேண்டியவை: காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் மாட்டும் ஸ்டீல் கிளிப் செட், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கான சிலிக்கோன் கிரீஸ், ஒரு கேன் பிரேக் கிளீனர், கார் கையேட்டில் சொன்ன பிரேக் ஆயில் ஒரு சின்ன புட்டி. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் என்றால் காலிப்பர் போல்ட்டும் புதிதாக வேண்டும். அவை ஒருமுறை இறுக்கினால் மறுபடி பயன்படுத்தக் கூடாத வகை, நல்ல பேடு செட்டில் கூடவே வரும். கருவிகளில் முக்கியமானது பிஸ்டன் திருகும் கிட். ஆறு முகத்திலும் வெவ்வேறு முனைகள் உள்ள கனசதுரக் கட்டை ஒன்று மலிவாகக் கிடைக்கும். ராட்செட்டில் மாட்டித் திருகலாம், சிவிக்குக்கு அதுவே போதும். திருகும்போதே தள்ளவும் வேண்டிய லாரா போன்ற கார்களுக்கு, தண்டும் தட்டும் கொண்ட முழு கிட் தேவை. மூக்குப் பிளையரால் திருகலாம் என்பார்கள். திருகலாம், ஆனால் நழுவினால் முனை நேராக, பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறையான பூட்டைக் கிழிக்கும்.

முன் சக்கர வேலையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கே அது முடியாது, ஹேண்ட்பிரேக் இறக்கியே இருக்க வேண்டும். ஆகவே சமதளமான தரை, முதல் கியர், முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை. சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். ஏற்றியதும் ஜாக் ஸ்டாண்டு. காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஒரே புள்ளியில் பாரம் இறங்கினால் அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். எது எப்படி இருந்தது என்று குழப்பம் வந்தால், தொடாத பக்கம் பார்த்துக்கொள்ள உதவும்.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேடு தேய்ந்த காரில் மட்டம் இறங்கியிருப்பது இயல்பு. பேடு மாற்றும் முன் யாராவது அதை நிரப்பியிருந்தால், பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். மட்டம் மேல்கோட்டை ஒட்டி இருந்தால் ஊசி இல்லாத சுத்தமான சிரிஞ்சால் 20, 30 மி.லி. எடுத்துவிடுங்கள். எடுத்ததை மறுபடி ஊற்றக் கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று தரம் போட்டிருக்கும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு தர வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155.

இனி காலிப்பர். சிவிக்கில் மேலும் கீழும் ஒவ்வொரு 12 மி.மீ. தலை போல்ட். போல்ட்டைத் திருப்பும்போது அதன் உட்பக்கத்து ஸ்லைடு பின்னும் சேர்ந்து சுழலப் பார்க்கும். சுழன்றால் பின்னின் ரப்பர் உறை முறுக்கிக்கொண்டு கிழியும். மெல்லிய வாய் ஸ்பேனரால் பின்னின் தட்டை முகத்தைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். காலிப்பர் வெளியே வந்ததும் அதை பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். பழைய சைக்கிள் டியூப் பட்டை ஒன்றால் ஸ்பிரிங்கில் கட்டித் தூக்கி வையுங்கள்.

பழைய பேடுகளை இப்போதே மூலையில் எறிந்துவிட வேண்டாம். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நான்கையும் தரையில் வரிசையாக, எது எங்கே இருந்தது என்று தெரியும்படி வைத்துப் பாருங்கள். காரின் கதையை அவை சொல்லும். உள் பேடு மட்டும் வெகுவாகத் தேய்ந்து வெளிப் பேடு தடிமனாக இருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. பிஸ்டன் உள் பேடை அழுத்துகிறது, காலிப்பர் நகர்ந்து வெளிப் பேடை இழுக்கவில்லை. காரின் ஒரு பக்கத்துப் பேடு இரண்டும் மட்டும் மிக மெலிந்திருந்தால் பிஸ்டன் பின்வாங்கவில்லை, அல்லது ஹேண்ட்பிரேக் லீவர் முழுதாகத் திரும்பவில்லை. ஒரே பேடு மேலே தடிமனாகவும் கீழே மெலிந்தும் ஆப்பு போல இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேடின் காது பிராக்கெட்டில் துருவால் கடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்காமல் புதுப் பேடைப் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும், சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி சக்கரத்தைக் கழற்றுவீர்கள்.

ஸ்லைடு பின்னை வெளியே இழுங்கள். நல்ல பின் விரலால் இழுத்தால் மெல்லிய உறிஞ்சலோடு வரும், விட்டால் காற்றழுத்தத்தில் சற்றே பின்வாங்கும். கெட்ட பின்னில் கிரீஸ் காய்ந்து பழுப்பு மெழுகாகியிருக்கும், நடுவில் துருப்புள்ளிகள் தெரியும். ஈசிஆர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் நிற்கும் கார்களில் இதை அதிகம் பார்க்கலாம். பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, துளையையும் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் சுத்தம் செய்யுங்கள். குழி விழுந்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் காப்பாற்ற முயல வேண்டாம், புதுப் பின் வாங்குங்கள். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பார்க்க ஒன்று போலிருந்தாலும் மாற்றிப் போடக் கூடாது. பல கார்களில் ஒன்றில் ரப்பர் புஷ் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

பின்னுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும், மெல்லிய படலமாக. வீல் பேரிங்குக்கு வைக்கும் மஞ்சள் கிரீஸ் இங்கே விஷம். பிரேக் ரப்பர் பிரேக் ஆயிலுக்காகச் செய்யப்பட்டது. கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருகும், பின் மறுபடி மாட்டிக்கொள்ளும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசலால் காலிப்பரைக் கழுவக் கூடாது என்பதும் இதனால்தான். கிரீஸை அப்பி நிறைத்தாலும் தொல்லை. துளையின் அடியில் காற்றும் கிரீஸும் அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

பிராக்கெட்டில் உள்ள ஸ்டீல் கிளிப்பை எடுத்தால் அடியில் துரு மேடு கட்டியிருக்கும். அந்த மேடு கிளிப்பைத் தூக்கும், கிளிப் பேடின் காதைக் கவ்வும். கம்பி பிரஷும் சிறிய அரமும் கொண்டு வெறும் உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டுப் புதுக் கிளிப்பை மாட்டுங்கள். புதுப் பேடு விரலால் தள்ளினாலே உள்ளே ஓட வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றிய பேடு திரும்பி வராது. தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். ஈரத்துணி அல்லது பிரேக் கிளீனர்தான். பேடில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பா முழுதாகச் சொல்வதில்லை.

டிஸ்கை அளக்கும்போது ஒரு சின்ன விஷயம். தேயாத வெளி விளிம்பு மேடாக நிற்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை அப்படியே வைத்தால் அதன் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை எடுத்து, சேர்த்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பிறகு டிஸ்கின் இரு முகத்திலும் ஒவ்வொன்றாக வைத்து அதன்மேல் அளந்து, நாணயத் தடிமனைக் கழியுங்கள். சிவிக் பின் டிஸ்க் புதிதில் 9 மி.மீ., வரம்பு 8 மி.மீ. வரம்பு டிஸ்கிலேயே பொறித்திருக்கும். ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால் பின் டிஸ்கைக் கடைச்சல் பிடிப்பது பெரும்பாலும் வீண், தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றுவதே சரி. தடிமன் போதுமானதாக இருந்து முகம் பளபளவென்று கண்ணாடி போலிருந்தால் 120 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள்.

இப்போது பிஸ்டன். அதன் முகத்தில் கூட்டல் குறி போன்ற பள்ளம் தெரியும். கட்டையின் பொருந்தும் முகத்தைப் பதித்து வலஞ்சுழியாக மெதுவாகத் திருகுங்கள். சிவிக்கில் இரு பக்கமும் வலஞ்சுழிதான். சில கார்களில் ஒரு பக்கம் இடஞ்சுழி. பிஸ்டன் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று முதல் ஒரு சுற்றிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்ற இடத்திலேயே சுற்றினால், திருகும்போதே அழுத்தமும் கொடுக்க வேண்டிய வகை அது. திருகும்போது கண் பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் பூட்டின் மேல் இருக்கட்டும். அது பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு துணி பிழிவது போல முறுக்கிக்கொண்டால் நிறுத்தி, பூட்டின் உதட்டைத் தூக்கித் துளி ரப்பர் கிரீஸ் தடவி விடுவித்துவிட்டுத் தொடருங்கள்.

முழுதாக உள்ளே போனதும் வேலை முடியவில்லை. சிவிக்கின் உள் பேடு முதுகில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அது பிஸ்டனின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். பிஸ்டன் இனிமேல் தானாகச் சுழலாமல் பிடிப்பது அந்தக் குமிழ்தான். அது இல்லையென்றால் உள்ளே உள்ள நட்டு தேய்மானத்துக்கு ஏற்ப நகராது, ஹேண்ட்பிரேக் நாளுக்கு நாள் மேலே ஏறும். குமிழ் பள்ளத்தில் விழாமல் மேட்டில் நின்றால் பேடு சாய்ந்து ஆப்பு போலத் தேயும், பெடலும் பஞ்சு போலிருக்கும். எனவே கடைசி அரைச் சுற்றில் பள்ளத்தைக் குமிழுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். சற்றே தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் திருப்பலாம், தப்பில்லை. ஃபோக்ஸ்வாகன் வகையில் குமிழ் இல்லை, அங்கே பள்ளம் கருவி மாட்ட மட்டுமே.

கூர்மையான இரும்பு நாக்கு உள்ள பேடு, தீர்ந்ததும் கீச்சிட்டு எச்சரிக்கும் பேடு. பழையது எந்தப் பக்கம், எந்த நிலையில் இருந்ததோ அப்படியே மாட்டுங்கள். பேடின் காதிலும் முதுகுத் தகட்டிலும் மட்டும் பிரேக் கிரீஸ் துளி. உராயும் முகத்தில் கைரேகை கூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் பிரேக் கிளீனரால் துடையுங்கள். காலிப்பர் போல்ட்டை இறுக்கும் அளவு சிவிக்கில் 23 நியூட்டன் மீட்டர். 15 செ.மீ. கைப்பிடியில் சுமார் 15 கிலோ எடையை இழுப்பது போல, அவ்வளவுதான். இந்தப் போல்ட்டை முழுப் பலம் கொடுத்து இறுக்கி அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. பிராக்கெட்டையும் கழற்றியிருந்தால் அதற்கு 55, சக்கர நட்டுக்கு 108. லாராவில் காலிப்பர் போல்ட் 35, சக்கர போல்ட் 120.

ஹேண்ட்பிரேக்கை இழுக்கும் முன் பெடல். இந்த வரிசை முக்கியம். இன்ஜின் அணைந்த நிலையில் பாதி ஆழம் வரை சின்னச் சின்னதாக மிதியுங்கள். முதல் பத்துப் பதினைந்து மிதி வெறுமையாகப் போகும், பிறகு கெட்டியாகும். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதித்தால், பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் இதுவரை போகாத துருப்பகுதிக்குப் போய்க் கீறிக்கொள்ளும். பெடல் கெட்டியான பிறகு ஹேண்ட்பிரேக்கைப் பத்து முறை இழுத்து இறக்குங்கள். இறக்கிய நிலையில் காலிப்பர் முதுகின் லீவர் அதன் முட்டுக் குமிழில் போய்த் தொட வேண்டும். தொடாமல் நூலளவு இடைவெளி இருந்தால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. பேடு தேய்ந்த காலத்தில் யாரோ கேபிளைப் பிடித்து இறுக்கியிருப்பார்கள். கன்சோலுக்குள் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் லேசான உரசல் சத்தம் இருக்கலாம், கை வலிக்கும் அளவு இழுவை இருக்கக் கூடாது. கடைசியாக ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடுங்கள்.

பெடல் கெட்டியாகாமல் காரை நகர்த்தவே கூடாது. முதலில் வாசலிலேயே நடை வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடிக்கிறதா பாருங்கள். பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பது, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுப்பது என்று பத்து முறை, நடுவில் ஆறவிட்டு. இதில் பேடின் மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் படியும். சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொண்டு பிறகு அதிர்வு கொடுக்கும். பிரேக் பளுவில் பெரும்பங்கை முன் சக்கரம் தாங்குவதால் பின் பேடு முழுதாகப் படிய 200, 300 கி.மீ. ஆகும். அதுவரை மலைப்பாதைப் பயணம் வேண்டாம்.

100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை ஒருமுறை 108-க்குச் சரிபாருங்கள். பேடு மாற்றிய அன்றே, ஒரு அரைமணி ஓட்டிவிட்டு வந்து, இரு பின் சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். சூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை காட்ட முடியாமல் சுட்டு, கருகிய வாடையும் வந்தால், பேடைக் குறை சொல்லாமல் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து முதலில் ஹேண்ட்பிரேக் லீவரையும், அடுத்து கீழ் ஸ்லைடு பின்னையும் பாருங்கள்.